கார்வின் துரையால் மறுபடியும் பெண் கேட்டு எழுதுவது

காஜா பேராங், மலாக்கா
ஹேவிளம்பி வருடம், ஐப்பசி 15

ஈப்போவில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் கருணாகரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சிவகாமியின் முன்னாள் கணவன் விநாயகம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே சிவகாமி சௌக்கியம், மகள் ஜெயா சௌக்கியம், சைக்கிள் கடையும் சௌக்கியம். நான் மட்டும் செத்துப்போய், இன்னும் பிறக்காமல் இருக்கிறேன். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க, இந்த நிலையிலும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முதல் வரியைப் படித்துவிட்டு ரயிலேற வேண்டாம். நிதானமாகச் சொல்கிறேன். சுதந்திரக் கொடி ஏறிய கையோடு, ஹாலிவுட்டிலிருந்து கார்வின் என்று ஒரு கிழ டைரக்டர் நம் ஊருக்குப் படம் பிடிக்க வந்து இறங்கினார். ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்துத் துரை ஒருவரைப் பற்றிய கதை. ஜெயாவுக்கு நிச்சயம் செய்திருக்கிற மாப்பிள்ளை தியாகு இங்கிலீஷ் வாத்தியார் அல்லவா, அவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளையும் துரையும் நம் கடை வாசலில் வந்து நின்றபோது, நான் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்துப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரர் தலையைச் சாய்த்து, இரண்டு கை விரல்களாலும் சட்டம் போட்டு, அதற்குள் என் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன மாப்ள, டயர் பஞ்சரா?" என்றேன். மாப்பிள்ளை நெளிந்தார். "இல்லீங்க மாமா. படத்துல ஒரு கங்காணி சாகுறாரு. அந்தச் சவத்துக்கு உங்க முகந்தான் வேணுமாம். இந்த மாதிரி நிம்மதியான முகத்த இவரு எங்கயும் பாத்ததில்லையாம்" என்றார். மச்சான், இத்தனை வயதுவரை என் முகத்தைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் துரை கடைக்கு வந்துவிடுவார். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து கறுப்புக் கோப்பி குடித்தபடி தன் கதையைச் சொல்வார். மாப்பிள்ளை தமிழில் சொல்லச் சொல்ல, நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டே கேட்பேன். எது அவர் சொன்னது, எது நானாகக் கண்டது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. அவருடைய அப்பா, பனி கொட்டும் ஊரில் குதிரைக்கு லாடம் அடித்தவராம். பையன் சிறுவயதிலேயே சர்க்கஸ்காரர்களோடு ஓடிப்போய், மேற்கே மேற்கே என்று ரயிலில் போய், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில் இறங்கினாராம். அதுதான் ஹாலிவுட். அப்போது அங்கே சினிமாவைவிட ஆரஞ்சுப்பழம் அதிகமாம். ஊமைப் படங்களில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒருநாள் டைரக்டருக்கு அம்மை போட்டுப் படுத்துவிட, குதிரைகள் யார் பேச்சைக் கேட்குமோ அவனே அந்த நாற்காலியில் உட்காரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். குதிரைகள் கேட்டன, மனிதர்களும் கேட்டார்கள். அதற்குப் பிறகு துரை காகிதக்கூழில் நகரங்களைக் கட்டினார், கடலை இழுத்து வந்து கொட்டகைக்குள் விட்டார், நினைத்தபோது மழை, நினைத்தபோது நிலா. குளம் வைத்த மாளிகை, அடுத்தடுத்து நாலு கல்யாணம். பிறகு படம் பேச ஆரம்பித்தது. இவருக்குப் பேசாத முகங்கள்தான் பிடிக்கும். ஆகவே குளம் போயிற்று, மாளிகை போயிற்று, மனைவிமார்களும் போனார்கள், கடைசியில் இந்தப் படம் கிடைக்கும்வரை காரிலேயே படுத்துத் தூங்கினாராம்.

இந்த இடத்தில், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சிவகாமி எட்டிப் பார்த்து, "நாலு பேரையும் கேட்டுத்தான் கட்டுனாராமா?" என்றாள். மாப்பிள்ளை விசாரித்து, "ஒவ்வொருத்தரையும் மண்டி போட்டுக் கேட்டாராம் அத்தை. ஒருத்தவங்க யோசிக்கணும்னு ஒரு வருஷம் காக்க வச்சாங்களாம்" என்றார். அவள் ஈரப் புடவையை ஓங்கி ஓர் உதறு உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துரையின் மனதில் இருந்த முள்ளைக் கடைசியில்தான் சொன்னார். பெரிய யுத்தப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்த தந்தி வந்ததாம். முந்நூறு குதிரைகள் சேணம் கட்டி நிற்கின்றன, வெயில் நினைத்த இடத்தில் விழுகிறது. தந்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படம் பிடித்தார். ஊர் போய்ச் சேர்வதற்குள் அப்பாவைப் புதைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்த படம் ஒவ்வொன்றிலும் ஒரு சாவு ஊர்வலம் வைப்பாராம், முதலாளிகள் ஒவ்வொரு தடவையும் அதை வெட்டி எறிந்துவிடுவார்களாம். இதுதான் தன் கடைசிப் படம், இந்த ஒரு சாவையாவது முழுசாக எடுக்க வேண்டும் என்றார். எனக்குக் கண் கலங்கியது. சாவது என்று வந்துவிட்டால் முறைப்படியே சாவோம் துரை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னால் விபரீதமாகும் என்று, கங்காணி வேஷம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கல்யாண ரவிக்கை தைக்கக் கொடுக்கச் சிவகாமி தெங்கேராவுக்குப் போன காலையில், நம் வீட்டு வாசலிலேயே என்னைக் கிடத்தினார்கள். துரைக்கு எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். ஆகவே நிஜமான பறைமேளம், நிஜமான சங்கு, நிஜமாகவே பாடை கட்டுகிறவர்கள். அவர்களுக்கு நடிக்கத் தெரியாது, வேலைதான் தெரியும். குளிப்பாட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினார்கள். தெருவே வரிசையில் வந்து வாய்க்கரிசி போட்டது. கேமராவில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று மறுபடி, மேகம் மறைத்தது என்று மறுபடி. அரிசியிலேயே வயிறு நிறைந்து, எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

பிறகு தூக்கினார்கள். மச்சான், இதை எப்படிச் சொல்வேன்! பாடையில் போகிறவனுக்குத் தெரு தெரியாது, வானம் மட்டும்தான். தந்திக் கம்பி வந்தது, போயிற்று. யார் வீட்டு மாமரமோ தலைக்கு மேலே மெதுவாக நகர்ந்து போயிற்று. அறுந்த பட்டம் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தோள்களின் ஆட்டத்திலும் சாம்பிராணிப் புகையிலும் மிதந்தபடி, நான் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தேன். பழங்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. குதிரைகள் சத்தமில்லாமல் ஓடின. யாரும் என்னிடம் காற்றடிக்கும் பம்பை இரவல் கேட்கவில்லை. ஜெயா கல்யாணப் பந்தலுக்கு யாரிடம் சொல்வது என்ற கவலைகூட, தூரத்தில் வேறு யாருடைய கவலையோ போல இருந்தது. சாவு இவ்வளவுதான் என்றால் பயப்பட ஒன்றுமில்லையே என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

முச்சந்தியில் மேளம் சட்டென்று நின்றதும் விழித்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தால், டிரைஷா வண்டியில் சிவகாமி, மடியில் துணிப்பை. ஒரு கணம் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு இறங்கி நேராக வந்து, அத்தனை கூட்டத்துக்கு முன்னால், "கடைச் சாவி இடுப்புல இருக்கும். எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் கொண்டு போங்க" என்றாள். அழவில்லை மச்சான்! வேடிக்கை பார்த்த சீனத்துக் கிழவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்கள் தங்கை சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

உஜோங் பாசிர் கடற்கரையில் சிதை அடுக்கியிருந்தார்கள். மகனாக நடிக்க வந்தவர் கொள்ளிக் குடத்தைக் குழாயடிக் குடம்போலத் தூக்கினார். துரை பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, குடத்தைத் தானே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்ல, என்னைச் சுற்றி வந்தார். சுற்றுக்குச் சுற்று குடத்தில் ஓட்டை போட, நீர் அவர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். "திரும்பிப் பாக்காம போகணும்னு சொல்லுங்க மாப்ள" என்று படுத்தபடியே நான்தான் முணுமுணுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணலில் நடந்து, கடலுக்குள் முழங்கால் நனையும்வரை போய் நின்று, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அப்பாவைக் கூப்பிட்டு அழுதார். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நானும் அழுதேன். பிணம் அழுததால் அந்தப் பிலிம் துண்டு வீணாகிவிட்டதாகக் கேள்வி. அடுத்த வாரம் துரை சிங்கப்பூர் போய்க் கப்பலேறிவிட்டார். முதலாளி இதையும் வெட்டினால் வெட்டட்டும், நடந்தது நடந்ததுதான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

அவர் பாரம் இறங்கி என் தலையில் ஏறியது. அன்று சாயங்காலம் தலை முழுகிவிட்டு வீட்டுப்படி ஏறினால், சிவகாமி நம் தெருக் கோயில் குருக்களை அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறாள். அவர் விபூதிப் பையைத் தடவிக்கொண்டே, "வெறும் நடிப்பா இருந்தா ஒரு முழுக்கோட போயிருக்கும். அந்த மனுஷர் நெஜமா அழுதுட்டாரே! மனசார செஞ்ச கர்மா பலிச்சுடும். நீர் போயாச்சு" என்றார். இதற்கும் சாஸ்திரத்தில் வழி உண்டாம். நெய்யில் குளித்து, தொட்டிலில் படுத்து, பெயர் சூட்டி, காது குத்தி, புதிதாகப் பிறந்த பிறகு, விட்டுப்போன பெண்சாதியை மறுபடி முறைப்படி கட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை ஜெயாவைத் தாரை வார்த்துக் கொடுக்க நான் மணவறையில் நிற்கக் கூடாது. கார்த்திகையில் முகூர்த்தம்! கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்து நான் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்த ஜெயாவின் கை அது. அதை மாப்பிள்ளையின் கையில் வேறு யாரோ எடுத்து வைப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டிலுக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று. என் கனத்தைக் கேட்டுவிட்டுச் சங்கிலியில் தொங்கவிடலாம் என்கிறார். பெயர் விநாயகம் என்றே இருக்கட்டும் என்று குருக்களும் இறங்கி வந்தார். மிச்சம் கல்யாணம்தானே, பெண் வீட்டிலேயே இருக்கிறதே என்று சிவகாமியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு சிவகாமி?"

"நாடே மெர்டேக்கான்னு சுதந்திரம் வாங்கியிருக்கு. நீங்க செத்ததுல எனக்கும் கெடச்சிருக்கு. கெடச்சத உடனே திருப்பிக் குடுத்துருவாங்களா? முறையா எங்க அண்ணன்கிட்ட பொண்ணு கேளுங்க. அவரு என்னையக் கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அன்று முதல் கடையில்தான் படுக்கை. தீபாவளிக்கு எண்ணெய் வைக்கக்கூட ஆளில்லை, பிறக்காதவனுக்கு ஏது தலை என்று கேட்டுவிட்டாள். பலகாரம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. உத்தரத்தில் மாட்டியிருக்கும் சைக்கிள் சக்கரங்கள் மத்தியானக் காற்றில் தானாகச் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே அவளை நினைத்துக் கிடக்கிறேன். கல்யாணத்தன்று அவள் தலை நிமிரவே இல்லை, அவள் கண் எப்படியிருக்கும் என்று பல நாள் எனக்குத் தெரியாது. இந்த முறை நிமிர்ந்து பார்ப்பாளா, பார்த்தால் என்னைப் பிடிக்குமா என்று ஒரு புது மாப்பிள்ளைக் கவலை. இந்த வயதில் இது தேவையா மச்சான்? ஆனால் இருக்கிறது.

ஆகையால், தங்கள் தங்கை சிவகாமியை எனக்குத் தரும்படி பெண் கேட்கிறேன். பையனுக்குச் சொந்தக் கடை. பல் பெரும்பாலும் சொந்தம். குடி இல்லை, குறட்டை உண்டு. முன்பு ஒரு கல்யாணம் ஆகி அது சாவில் முடிந்தது, தப்பு அவன் பக்கம்தான். தயவுசெய்து நல்ல பதில் எழுதவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆசிகள் மட்டும் நான் பிறந்த பிறகே செல்லும்.

இப்படிக்கு,
தங்கள் ஒரு வரிக்காகத் தொட்டிலோரம் காத்திருக்கும்
விநாயகம்

பி.கு. அண்ணா, நான் சிவகாமி. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், பசை காயுமுன் பிரித்துப் படித்துவிட்டேன். குருக்கள் மேல் கோபம் வேண்டாம். சினிமாவுக்கெல்லாம் தோஷமில்லை, தலை முழுகினால் போதும் என்றுதான் அவர் சிரித்தார். நெய்யும் தொட்டிலும் கல்யாணமும் சொல்லும்படி அவரைக் கெஞ்சியது நான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள், நான் ஒன்றுதான் சொன்னேன். ஜெயாவை அவர்தான் தாரை வார்ப்பார், அதில் மாற்றமில்லை. முச்சந்தியில் அவரை அந்தக் கோலத்தில் பார்த்தபோது என் உயிர் போய்விட்டது அண்ணா. மூக்கில் உட்கார்ந்த ஈயை அவர் ஊதியதும்தான் திரும்பி வந்தது. அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்றுதான் சாவியைக் கேட்டேன். அந்தக் காலத்தில் அப்பா உங்களைக் கேட்டார், மாமாவைக் கேட்டார், ஜோசியரைக் கேட்டார். நான் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் சம்மதம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். என்னைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் கேளுங்கள்.