புதன்கிழமை ஆபரேஷன் வேண்டியதில்லை

ஆரணி,
14.6.2002, காலை ஏழு மணி

பெங்களூரில் நலமாக இருக்கும், இனியும் நலமாகவே இருக்க வேண்டிய மைத்துனன் குமரேசனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் மாணிக்கவேல் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் சௌக்கியம். இந்த முறை மரியாதைக்காக எழுதவில்லை, உண்மையாகவே சௌக்கியம். பூத்திலிருந்து போனில் சொல்லலாம், ஆனால் நீ கத்துவாய். கடிதத்தில் நீ கத்தினால் எனக்குக் கேட்காது.

உன் அக்காள் திலகவதிக்கு இமை தொங்குகிறது, மெல்ல முடியவில்லை, கை சோர்கிறது என்று நீதான் வேலூருக்கு அழைத்துப் போனாய். பெரிய டாக்டர் மயஸ்தீனியா என்று பெயர் சொன்னார். அபூர்வமாய் யாருக்கோ வருவதாம், உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடிக்குமாம். மாத்திரை கொடுத்து, வருகிற புதன்கிழமை நெஞ்செலும்பைப் பிளந்து உள்ளே ஒரு சுரப்பியை எடுக்க வேண்டும் என்றார். நீ தலையாட்டினாய், நானும் ஆட்டினேன். பிளப்பது என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் கால் தடுமாறி, பட்டுச் சேலைக் கரையில் ஒரு மயிலுக்குத் தலையே விழவில்லை.

ஆகவே வேறு வழி தேடினேன். முள்ளிப்பட்டு எல்லப்பன் நரம்புச் சூடு என்றார், மூன்று நாள் தலையில் நல்லெண்ணெய் வைத்தோம், சளி பிடித்தது. எதிர்வீட்டுப் பொன்னம்மாள் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், தெருவே இருமியது, அவளும் இருமினாள். கடைசியில் வெம்பாக்கம் வைத்தியர் காத்தவராயன் ஒரு லேகியம் கொடுத்து, "இங்கிலீஷ் மாத்திரையும் இதுவும் ஒண்ணா இருந்தா உள்ள சண்டை போட்டுக்கும்" என்றார். ஏற்கெனவே உள்ளே ஒரு சண்டை நடக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். நான்கு நாளாயிற்று. பத்தியத்தில் புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கோபம் கூடாது. "புளிய விட்டுடலாம், நீங்க வூட்ல இருக்கிற வரைக்கும் கோவத்த எப்படி வுடறது?" என்கிறாள் உன் அக்காள்.

பலன் கைமேல். தினமும் காலையில், தறிக்குழியில் இறங்குமுன், அவளை வாசலில் கிழக்கே பார்த்து நிறுத்திப் பார்க்கிறேன். இரண்டு இமையும் நேர்.

"சாயங்காலமா வந்து பாருங்க. குழியில குந்திகினு எந்த மூஞ்சியப் பாத்தீங்க?" என்றாள்.

"தோ பாரு, முப்பது வருஷமா சாயம் பாக்கிறவன் நானு. டியூப்லைட்டுல அரக்கு கறுப்பாத் தெரியும். காலை வெளிச்சத்துல தெரியறதுதான் நெஜம்" என்றேன். பட்டுக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒரு நியாயமா? எனவே டாக்டரிடம் பணிவாகச் சொல்லி புதன்கிழமையை ரத்து செய்துவிடு. வேண்டுமானால் வெம்பாக்கத்தார் அவருக்கும் கற்றுக்கொடுப்பார்.

உன்னையும் லாவண்யாவையும் குழந்தையையும் படவேட்டு அம்மன் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா மாணிக்கவேல்

பின்குறிப்பு: இப்போது மாலை ஆறரை. ஊடை நூல் தீர்ந்ததால் இன்று சீக்கிரமே தறியை விட்டு எழுந்தேன். அடுப்பங்கரையில் திலகவதி ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீ குடித்தாள். டீ மூக்கு வழியாக வந்தது. இதற்கு வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. "நாலு நாளா இப்படித்தான்" என்றாள், அதுவும் மூக்கால் வந்தது. கத்தி அவளுக்கு, பயம் எனக்கு, அதுதான் நடந்தது குமரேசா. பக்கத்துத் தெரு ஜெயவேலின் கார் வாசலில் நிற்கிறது, இப்போதே வேலூர் போகிறோம். வழியில் பூத்திலிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன். டாக்டர் சொன்னதுதான் இனி, புதனோ அதற்கு முன்போ. மேலே உள்ளதைக் கிழிக்கப் போனேன், அவள்தான் விடவில்லை. "அனுப்புங்க. அவன் படிச்சிட்டு சிரிக்கட்டும். நானும் சிரிச்சிகினுதான் இருக்கேன், மூஞ்சியிலதான் வர மாட்டேங்குது."