டிகிரி அண்ணாச்சியும் எஞ்சின் ஆயிலும்

காருக்குத் தெர்மாமீட்டர் வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். எழுபதுகளில் அவர் எங்கள் தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தார். ‘டிகிரி அண்ணாச்சி’ என்றால் துறைமுகம் முழுக்கத் தெரியும்.

அவருடைய பழைய அம்பாசிடரில் சூடு காட்டும் முள் ஒன்று உண்டு. அதை அவர் நம்பமாட்டார். “அது தண்ணிச் சூட்டைல்லா சொல்லுது! ஆயில் சூட்டை எவன் சொல்லுதான்?” என்பார். அதற்காகவே பழைய கப்பல் சாமான் கடையில் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஓடிய சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டுமென்று போகிற வழியில் திடீரென வண்டியை நிறுத்துவார், அதுவும் எஞ்சினில் கடற்காற்று படாதபடி திருப்பி. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு அந்தத் துளையில் தெர்மாமீட்டரை இறக்குவார். அளந்து முடியும்வரை யாரும் காரைவிட்டு இறங்கக்கூடாது. எடை மாறினால் சூடு மாறிவிடுமாம்! இதை எதிர்த்துப் பேசிய ஒருவர் ஆறுமுகநேரியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டியதாயிற்று.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். பெண்ணுக்கு ஊர் மணப்பாடு. பெண் பார்க்கப் போனபோது பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கு இதில் இஷ்டமா, இல்லையா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போயிற்று. அண்ணாச்சியிடம் அழாத குறை.

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும் அண்ணாச்சி.”

“வண்டிக்கு ஆயில் மாத்தணும்லே” என்றார் அவர்.

கல்யாண ஜவுளி எடுக்க மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு அவர் காரில்தான் கிளம்பினோம். முன்சீட்டில் நான். பின்சீட்டில் அவளும், அவளுக்குக் காவலாக அவள் பெரியம்மாவும். ஆலந்தலையில் வண்டி நின்றது. கால் மரத்துப்போன பெரியம்மா கதவைத் திறந்தார்.

“யக்கா, இறங்காதீங்க! எடை மாறிரும்!”

பாவம், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உப்பளத்துப் பக்கம் வண்டி மறுபடி நின்றது.

“யக்கா, இறங்கி வாங்க. இந்தத் துணியக் கொஞ்சம் பிடிக்கணும்.”

“எடை மாறிருமே தம்பி?”

“மாறுனா மாறட்டும். வாங்க.”

திறந்த பானெட்டுக்குப் பின்னால் இருவரும் மறைந்தார்கள். நான் திரும்பிக் கேட்டேன்: “உங்களுக்கு இதுல இஷ்டந்தானா?”

அவள் உப்புக் குவியலைப் பார்த்தபடியே சொன்னாள்: “இஷ்டந்தான். ஆனா கல்யாணத்துக்கு இந்தக் கார் மட்டும் வேண்டாம். போய்ச் சேரமாட்டோம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முகத்தைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். டிரைவர் சீட்டில், உறையைவிட்டு எடுக்காமலே, கிடந்தது தெர்மாமீட்டர்.

அண்ணாச்சி வந்து ஏறியதும், “எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?” என்றேன்.

“எல்லாம் சரியா இருக்குலே” என்று வண்டியை எடுத்தார்.

கல்யாணம் முடிந்து தூத்துக்குடிக்கு அந்தக் காரில்தான் வந்தோம். வேண்டாமென்றவளே அதுதான் வேண்டுமென்றாள். அண்ணாச்சி வழிநெடுக நிறுத்தி ஆயில் சூடு பார்த்தார். நாங்கள் இருவரும் இறங்கவேயில்லை. அவர் சொன்னால் இன்றைக்கும் இறங்கமாட்டோம்.