வின்ஸ்கோம் பிரபுவுக்கு அருமனையில் கட்டிய பேனர்

நெய்யூரில் இருக்கும் மதிப்புக்குரிய ஷைஜு மாமாவுக்கு,

அருமனையிலிருந்து அஜிஷா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். மாமியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகமில்லாதது நீங்கள் வாங்கித் தந்த வேலை மட்டும்தான். போனில் எனக்குப் பேச்சு வராது என்பதால் எழுதுகிறேன்: சனிக்கிழமை பைக்கில் வந்து என்னை இந்த ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் பத்தாவதோடு பள்ளியை விட்டேன். இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்து டைப் செய்தால் போதும், யாரோடும் பேச வேண்டாம் என்றீர்கள். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் தங்கபாய் சிஸ்டர் வந்தார். முப்பது வருஷம் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்து, கல்யாணம் செய்யாமலே ஊர் திரும்பியவர். அங்கே கடைசி ஆறு வருஷம் வின்ஸ்கோம் பிரபு என்ற வயதானவரைக் கவனித்தாராம். போன வருஷம் பிரபு இறந்துவிட்டார். அவர் வாழ்க்கையைப் புத்தகமாக்க சிஸ்டர் இரண்டு மாதமாக என் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், நானும் அடித்துக்கொண்டே இருக்கிறேன், பிரபு ஐம்பத்திரண்டு அறையுள்ள வீட்டில் பிறந்தும் குளிர் தாங்காமல் நாயைக் கட்டிக்கொண்டு தூங்கினார், இரண்டு தேர்தலில் தோற்று மூன்றாவதில் எம்.பி. ஆனார், பதவி போனபின் பழைய ராஜா ராணிகளைப் பற்றி ஏழு சரித்திரப் புத்தகம் எழுதினார், எட்டாவதைப் படுக்கையிலிருந்தே சொல்லும்போது ராணியின் தலையை வெட்டும் இடம் வந்தால் அழுதுவிட்டுக் கஞ்சி வேண்டாம் என்பாராம், உடனே சிஸ்டர், "தலைய வெட்டி நானூறு வருஷம் ஆச்சு லார்டே, கஞ்சி ஆறுதுல்லா, குடியும்" என்று தமிழிலேயே அதட்டுவாராம், அவரும் குடிப்பாராம்.

பிரபுவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு சிஸ்டர் ஒரு பேனர் கேட்டார். முந்தின நாள் வேறொருவரின் நினைவு நாளுக்குச் செய்த பேனரையே திறந்து படத்தையும் பெயரையும் மாற்றினேன். முன்னாள் எம்.பி., சரித்திர ஆசிரியர், எல்லாம் சரி. அடியில் 'கண்ணீருடன் அன்பு மனைவி' என்று இருந்ததை மட்டும் அழிக்க மறந்து, பக்கத்தில் தங்கபாய் என்று அடித்துவிட்டேன். முதலாளி சுயம்புராஜ் அண்ணனும் பார்க்காமல் கடைக்கு எதிரே சந்திப்பில் கட்டிவிட்டார். இன்று காலையில் ஆட்டோக்காரர்கள், "ஏட்டி, இவரு எப்பம் நம்ம தொகுதில நின்னாரு?" என்று கேட்டார்கள், அடுத்த அரை மணியில் கீழ் வரியையும் படித்துவிட்டார்கள். சபைக் கமிட்டி சிலுவைதாசன், "அம்பத்திரண்டு அறையில சிஸ்டருக்கு எத்தன வரும்? சபைக்கு ஒண்ணாவது எழுதச் சொல்லு" என்றார். சிஸ்டரின் தம்பி மனைவி கிரேசி, "எங்களுக்கு ஒரு வாய் சோறு போடாம கெட்டியாச்சா?" என்று, நான்தான் தாலி எடுத்துக் கொடுத்ததுபோல என்னிடம் அழுதார். முதலாளியோ, "சிஸ்டர் திருவனந்தபுரம் போயிருக்காங்க, சாயங்காலம் வருவாங்க. நீயே பேசு. அவங்க முகம் கறுத்தா நாளைக்கு நீ வரண்டாம்" என்கிறார். பேசத் தெரிந்திருந்தால் பத்தாவதை ஏன் விடுகிறேன் மாமா? அலுத்துவிட்டது. அம்மாவோடு ரப்பர் ஷீட் உலர்த்துகிறேன். ஷீட் எதுவும் கேட்காது.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். வரும்போது இன்னொரு ஹெல்மெட்டும் கொண்டு வரவும்.

தங்கள் மருமகள்,
அஜிஷா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். பேனருக்குக் கீழே வெகுநேரம் நின்றுவிட்டுக் கடைக்குள் நுழைந்தார். வகுப்பில் நிற்பதுபோல நான் எழுந்து நின்றேன். "இப்பவே அவுத்துருவோம் சிஸ்டர்" என்று முதலாளி ஏணியை எடுத்தார். சிஸ்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தாளு கெட்டலாமான்னு ரெண்டு தடவ கேட்டாரு. நான்தான் கஞ்சியக் குடியும்னுட்டேன்" என்றார். பிறகு, "அது அங்கயே கிடக்கட்டு மக்கா. நீ அடி" என்றார்.

"கேட்டது எந்த வருஷம் சிஸ்டர்?" என்று நானே கேட்டேன்.

சனிக்கிழமை வர வேண்டாம் மாமா.