பல்லி புகாத வைஃபை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பெட்டி செய்யத் தோன்றும். காக்களூர் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கு மின்சார பேனல் பெட்டி செய்கிறவன் நான். உள்ளே தூசி போகாது, தண்ணீர் போகாது, முக்கியமாகப் பல்லி போகாது என்று உத்தரவாதம் தருவேன். (சிரிக்காதீர்கள். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை, ஒரே ஒரு பல்லி பேனலுக்குள் புகுந்து ஷார்ட் ஆனதால் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றதை நேரில் பார்த்தவன் நான். அந்தப் பெட்டி நான் செய்ததல்ல.)

இந்த வியாதியால் என் மகளின் படிப்பையே பூட்டி வைக்கப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. மகள் கயலுக்கு அப்போது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்கில் கடைசி வருஷம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையோடு மேல்படிப்பு. அதற்கு வீடியோவில் நேர்காணல். சனிக்கிழமை மதியம் மூன்று மணி. தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் இணையமோ ஹாலில் டெலிபோனுக்குப் பக்கத்தில் மட்டும்தான். தெருவில் லாரி போனால் எங்கள் ஹாலில் தம்ளர் எல்லாம் பேசும். மாடியில் கயலின் அறைதான் அமைதி. ஆக, அங்கே சிக்னல் போக வேண்டும்.

வைஃபை பரப்பும் கருவி வாங்க, திருவள்ளூரில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"ஆக்சஸ் பாயின்ட் ஊட்டுக்கா சார், கம்பெனிக்கா?"

"வீட்டுக்குத்தான். ஆனா கம்பெனிக்கு எது குடுப்பீங்களோ அதைக் குடுங்க."

ஐந்தாறு எடுத்துப் போட்டார். தேங்காய் வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தேன். இரண்டு கொம்பு வைத்த கனமான ஒன்று பிடித்தது. அட்டையில் முந்நூறு மீட்டர் என்று போட்டிருந்தது.

"இதுக்கு எர்த் எங்க குடுக்கணும்?"

"எர்த்தா? பிளாஸ்டிக் பாடி சார் இது. வீட்டு நடுவுல, உசரமா, திறந்த இடமா வைங்க. போதும்."

பிளாஸ்டிக். திறந்த இடம். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பெட்டி தயார். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கனமான இரும்புத் தகடு, சாம்பல் பெயின்ட், சுற்றிலும் ரப்பர், பூட்டு. மாடிப்படிச் சுவரில் மாட்ட மூன்று பேர் வந்தார்கள். ஆக்சஸ் பாயின்டை உள்ளே வைத்தேன். தனியாக விடுவானேன் என்று ஹாலிலிருந்த மோடத்தையும் கொண்டுவந்து அதற்குத் துணைக்கு வைத்தேன்.

"ஃபிரிட்ஜுக்கும் ஒரு பொட்டி செஞ்சிடுங்க, அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் என் மனைவி.

கயல் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் வெளிய வராதுப்பா."

"முந்நூறு மீட்டர் போறது ஒரு தகட்டைத் தாண்டாதா?" என்றேன். (நான்கு வருஷம் பீஸ் கட்டிப் படிக்கவைத்த பெண்ணிடம்!)

வெள்ளிக்கிழமை சோதித்தோம். மாடியில் சிக்னல் பிரமாதம். கயலே ஒப்புக்கொண்டாள். அன்று பெட்டிக்கு இன்னும் கதவு மாட்டவில்லை என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை என் ஃபோர்மேன் தனபால் வந்து கதவை மாட்டி, பூட்டி, போய்விட்டார். இரண்டே முக்காலுக்கு மாடியிலிருந்து கயலின் குரல். "அப்பா! நெட் இல்ல!"

ஓடினேன். பெட்டி பூட்டியிருந்தது, மோடமும் உள்ளேதான். சாவி இல்லை. எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: பேனலைப் பூட்டியவன்தான் சாவியை வைத்திருக்க வேண்டும். எவனாவது தெரியாமல் திறந்து கரண்ட் அடித்துவிடக் கூடாதல்லவா? அந்தச் சட்டத்தைத் தனபாலுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

போன் போட்டேன்.

"சாவியா சார்? என் கொத்துலதான் கீது. நான் டெலிவரிக்கு கும்மிடிப்பூண்டி வந்துகினு கீறேனே!"

சுத்தியலை எடுத்து அடித்தேன். ஏழெட்டு அடி. ஒரு நெளிசல் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் கயல் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. புதுச் சுடிதாரின் துப்பட்டாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சுத்தியல் கையிலிருந்து நழுவி என் காலிலேயே விழுந்தது.

போனில் தனபால் இன்னும் இருந்தார். "இன்னா சார் சத்தம்? ஒடைக்கிறீங்களா? பேஜாரு பண்ணாதீங்க சார். கீய ஒயரு போற பிளேட்டு கீதுல்ல? நாலு ஸ்க்ரூ. கயட்டிட்டு கைய உட்டு எடுங்க. நீங்க வரைஞ்ச பொட்டிதான சார்?"

இருபது வருஷமாக நான் வரைகிற பெட்டி.

கயலே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நான்கையும் கழற்றினாள். ஆக்சஸ் பாயின்டை வௌவால் மாதிரி தலைகீழாக வெளியே இழுத்தாள். ஒயர் குட்டை; கையை விட்டால் பிளக் பிடுங்கிக்கொள்ளும். "அப்பா, அசையாம பிடிச்சுக்கோங்க" என்று மாடிக்கு ஓடினாள்.

மூன்று மணி. ஸ்டூலில் ஏறி, வீங்கிய கால் ஒன்று, தூக்கிய கை இரண்டு. அடுத்த நாற்பது நிமிஷம் அந்த வீட்டின் ஆண்டெனா நான்தான். மேலே கயல் இங்கிலீஷில் பேசுவது கேட்டது. அவள் தயங்கினால் என் கையைச் சற்று உயர்த்துவேன். (பதில் தெரியாமல் தயங்கினாளா, சிக்னல் இல்லாமலா என்று எனக்கு எப்படித் தெரியும்?)

அப்போதுதான் சுவரில் அது வந்தது. கொழுத்த பல்லி. என்னைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது. பிளேட் கழற்றிய ஓட்டை வழியாக, என் மூக்குக்கு நேரே, நிதானமாக உள்ளே போனது.

கத்த முடியாது. நகர முடியாது. உருக்காலை கண்முன் வந்தது. வாழ்நாள் முழுக்க எந்த ஜீவனைத் தடுக்கப் பெட்டி செய்தேனோ, அதனிடமே மனசுக்குள் கெஞ்சினேன்: தாயே, எதையும் தொட்டுவிடாதே.

கயல் இறங்கி வந்து என் கையிலிருந்து ஆக்சஸ் பாயின்டை வாங்கியபோதும் விரல்கள் விரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தோம். பல்லி மோடத்தின் கதகதப்பில் கண்ணைக்கூட உருட்டாமல் படுத்திருந்தது.

இடம் கிடைத்தது. போய்விட்டாள். பெட்டி இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்லவே வெட்கம்: கழற்ற முடியவில்லை.

சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, ஏன் நேற்று போன் எடுக்கவில்லை என்று நான் அடுக்க ஆரம்பித்தால், கயல் அங்கிருந்து ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்: "அப்பா, கீழ் பிளேட்டு!" என்னையும் பெட்டியில் பூட்டாதீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நானும் கழற்றத்தான் பார்க்கிறேன். நாலே ஸ்க்ரூ. ஆனால் எல்லாமே நானே முறுக்கியது, லேசில் வருவதில்லை.

(சாவி இன்னும் தனபாலிடம்தான். சட்டம் சட்டம்தானே.)