சம்பந்திக்கு ஊர் காட்டிய படலம்

மதிப்பும் அன்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே வீட்டில் எல்லோரும், குறிப்பாக உங்கள் இடது முழங்காலும், சுகமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று சொன்னபோது, "மாப்ளே, தயவுபண்ணி நீங்க மட்டும் அவங்களுக்கு ஊர் சுத்திக் காட்டாதீங்க, அன்னைக்கே பஸ் ஏறிடுவாங்க" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நான்தான் காட்டினேன். அவர்கள் பஸ் ஏறவில்லை. ஒரு நாள் கூடுதலாகவே தங்கிவிட்டுப் போனார்கள். நடந்ததை நடந்தபடி உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

விஷயம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் கோர்வைக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை கேட்டால் அவருடைய வங்கியின் நம் ஊர்க் கிளைக்கே மாற்றல் கிடைக்கும். ஆனால் அப்பாவும் அம்மாவும் கூடவே இருப்பதால், அவர்களுக்கு ஊர் பிடித்தால்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டார். பிடித்துவிட்டால் நம் பெண் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிடுவாள். பிடிக்காவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, பெட்டியைப் பிரிக்காமலேயே திரும்பிப் போவாள். சம்பந்தியோ தணிக்கைத் துறையில் இருந்தவர். காலை வணக்கம் சொன்னால்கூடக் கடிகாரத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பதில் சொல்வார். அவரைத் திருப்திப்படுத்தும் பொறுப்பை வேறு யாரிடம் விட முடியும்? குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான், இந்த ஊரில் நான் நிற்காத வாசல் கிடையாது. "வாசல்ல நின்னீங்க சரி, இதுல எதுக்குள்ளயாவது போயிருக்கீங்களா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். மீட்டரை வெளியே வைத்தது வாரியத்தின் முடிவு, அதற்கு நான் என்ன செய்ய?

முதலில் அருங்காட்சியகம், அதாவது துறைமுகத்துப் பழைய சுங்கக் கட்டிடம். சம்பந்தி வாசலிலேயே நின்றுவிட்டார். "இது எப்பக் கட்டினது?" என்றார். "ரொம்பப் பழசு சம்பந்தி. முக்கால் அங்குலக் குழாய். இப்ப யாரும் அதைப் போடறதில்ல" என்றேன். "நான் குழாயைக் கேக்கல, கட்டிடத்தைக் கேட்டேன்" என்றார். "கட்டிடம் இருந்தாத்தானே குழாய் வரும்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார், முதல் கட்டத்திலேயே எனக்கு வெற்றி. உள்ளே நங்கூரம், சங்கிலி, உடைந்த திசைகாட்டி எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போய், மூலையில் இருந்த ஓர் இரும்புப் பெட்டியின் முன்னால் நிறுத்தி, கப்பலில் வந்த தங்கத்தை எடை போட்டு இதில்தான் பூட்டி வைப்பார்கள் என்றேன். "ஆதாரம்?" என்றார். "பெட்டியே ஆதாரம்" என்றேன். அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்து, எங்களை விலகச் சொல்லி, பெட்டியைத் திறந்து, தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். நான் அசரவில்லை. "பாருங்க, அந்தக் காலத்து வேலைப்பாடு, இன்னைக்கும் கீல் சத்தம் போடல" என்றேன். சம்பந்தி தானே மூடித் திறந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அதையும் ஒப்புக்கொண்டார்.

அடுத்து கோட்டை. அன்று வார விடுமுறை என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் மீட்டருக்கு விடுமுறை கிடையாது. கதவில் பெரிய பூட்டு. சம்பந்தி என்னைப் பார்த்தார். "கோட்டைன்னா ஆளை உள்ள விடக்கூடாது சம்பந்தி. கட்டின நாள்லேருந்து அதே வேலையைத்தான் பாக்குது" என்றேன். சம்பந்தி அம்மா சிரித்துவிட்டார். பின்பக்கம் போனால் சுவர் நன்றாகத் தெரியும் என்று ஒரு சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சந்து வளைந்து வளைந்து போய் ஒரு வீட்டுக் கொல்லையில் முடிந்தது. ஒரு துணிக்கொடியின் மறுமுனை கோட்டைச் சுவரில் கட்டியிருந்தது. நாங்கள் மூவரும் ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்றிருந்தோம்.

"யாரு நீங்க? கொல்லையில வந்து நிக்கிறீங்க?" என்று ஒரு பெண்மணி வந்தார்.

"கோட்டை பாக்க வந்தோம்மா."

"கோட்டை அந்தப் பக்கம். இது என் துணி காயிற இடம்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க மீட்டர் சார்தானே? ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு, கல்யாண மண்டபத்துத் தண்ணியை எழுதிட்டுப் போனீங்களே, மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் தலைகுனிந்திருப்பார்கள். நான், "நேர்ல விசாரிக்கத்தாம்மா வந்திருக்கோம். இவரு தணிக்கைலேருந்து வந்திருக்காரு" என்று சம்பந்தியைக் காட்டினேன். அவர் மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீட்டர் முன் குந்திவிட்டார். எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார், அப்படியும் மீட்டர் முள் ஓடியது. மண்ணைக் கிளறச் சொன்னார், அங்கே கசிவு இருந்தது. "பாத்தீங்களா, நீங்க எழுதினது சரிதான் சம்பந்தி, ஆனா ஏன்னு கேக்கலியே" என்றார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்மணி நாற்காலி கொண்டுவந்து போட்டார். சம்பந்தி அம்மாவும் அவரும் தூக்கம் வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்து, துணி காய்ந்து மடிக்கும் வரை பேசினார்கள். கோட்டையை நாங்கள் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம், அதைவிட நெருக்கமாக யார் பார்த்திருக்கிறார்கள்?

கடைசியாகக் கலங்கரை விளக்கம். பாதி வழியில் ஒரு ஜன்னல் இருக்கிறது. மேலே போகிறவர்களுக்கும் கீழே இருக்கிறவர்களுக்கும் நடுவில் பொறுப்பான ஒருவர் இருப்பது நல்லது என்று நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். மூச்சு வாங்கியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மேலே போனவர்கள் இறங்கவே இல்லை. உள்ளே குழல் மாதிரி இருப்பதால் பேச்செல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது. "எவ்ளோ காத்து பாரு" என்றார் சம்பந்தி. "பையன் வீட்டுல நமக்குன்னு ஒரு ஜன்னல் இருக்கா?" என்றார் அம்மா. "ஜன்னல விடு, நான் ஒரு வார்த்தை பேசினா டிவி சத்தத்த ஏத்தறான்" என்றார் அவர். ஊர் பிடித்துவிட்டது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? பூட்ட வந்த ஊழியர் மூன்று முறை குரல் கொடுத்த பிறகுதான் இறங்கினார்கள்.

மறுநாள் பஸ் நிலையத்தில் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிவு பண்ணிட்டோம். பையன்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் தங்கை அன்றிலிருந்து தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மகளுக்குப் பிடித்த பச்சையில் ஜன்னல் திரைகள் தைத்துக்கொண்டிருக்கிறாள். தைக்கும்போது ஏதோ பாட்டு வேறு. நான் கேட்டு ரொம்ப நாளான குரல் அது.

ஆகவே, வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு என் வணக்கத்தையும், இளையவர்களுக்கு ஆசியையும் சொல்லி, என்மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, அவங்கள என்னப்பா பண்ணீங்க? அங்கேயே வந்து இருக்கப் போறாங்களாம்" என்றாள். "வரட்டும்மா, எல்லாரும் வாங்க, அதுக்குத்தானே இத்தனையும்" என்றேன். "எல்லாரும் இல்லப்பா. மாமாவும் அத்தையும் மட்டும். இவரு மாற்றல் கேக்கலியாம். அவங்கள உங்கப்பா பாத்துக்குவாரு, நாம இங்கயே இருந்துக்கலாம்னுட்டாரு" என்றாள். குரலைத் தாழ்த்தி, "கல்யாணமானதுலேருந்து முதல் தடவையா நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கப் போறோம்ப்பா. இந்த உதவிய நான் மறக்கவே மாட்டேன்" என்றாள். கல்யாணத்துக்கு முன்பு சிரித்த மாதிரியே சிரித்தாள். "சந்தோஷம்மா" என்றேன், வேறென்ன சொல்வது? பிறகு சம்பந்தி போனை வாங்கி, "உங்க மாடி ரூம் காலியாத்தானே இருக்கு? தினம் காலையில ஒரு தெருவா மீட்டர் பாத்துட்டு வருவோம்" என்றார்.

இப்போது தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. போனில் யார் என்று உங்கள் தங்கை கேட்டாள், ராங் நம்பர் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் அவளுக்கு அண்ணன், நீங்கள் வந்து சொன்னால்தான் தாங்குவாள். கடிதம் கண்டதும் புறப்படவும். ராங் நம்பரிடம் 'சந்தோஷம்மா' என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டபடி அவள் இந்தப் பக்கம்தான் வருகிறாள்.