சாவு அடியில் ஏழாம் வாய்ப்பாடு

ஈப்போவில் சந்தேகப்பட வேண்டியவர்களை வரிசையாக நிறுத்தினால், முதல் ஆளாக நிற்க வேண்டியவர் எங்கள் பிஸ்கட் டின் சார்தான். கணக்கு வாத்தியார் என்றார்கள். ஆனால் அவர் கையில் புத்தகத்தைப் பார்த்தவர் இல்லை. கழுத்தில் கயிறு, கயிற்றில் சதுரமான காலி பிஸ்கட் தகரம், கையில் இரண்டு குச்சி. நான் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். மணி அடிக்கும்வரை வாசலில் காத்துக்கிடப்பவனுக்கு, மூன்றாம் ஆண்டு வகுப்பிலிருந்து கல்யாண மேளம் கேட்டால் சந்தேகம் வராதா?

என் மகள் கோமதி அந்த வகுப்பில்தான் இருந்தாள். என்னைப் போலவே வாய் திறக்காத பிள்ளை. ஏழாம் வாய்ப்பாடு என்றால் அழுதுவிடுவாள். சொல்லிக்கொடுக்க என்னாலும் முடியாது. நான் ஆறாம் ஆண்டோடு நின்றவன். ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன்.

சார் ஒவ்வொரு வாய்ப்பாட்டுக்கும் ஒரு மேள அடி வைத்திருந்தார். இரண்டுக்குக் கல்யாண அடி, ஐந்துக்குக் காவடி அடி. பிள்ளைகள் தட்டிய தட்டில் என் வேன் சீட்டிலிருந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருப்பாரா? கோயில் மேளக் குழுவுக்கு ஆள் பிடிக்கிறாரோ என்று நினைத்தேன். தேர்தலில் நிற்கப் போகிறாரோ என்று நினைத்தேன். காவடி அடியைக் கேட்டு எந்தப் பிள்ளைக்காவது சாமி வந்துவிட்டால் விபூதிக்கு எங்கே போவது என்றும் கவலைப்பட்டேன்.

ஒரு நாள் வேன் சன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"என்னாண்ணே, நம்ம சத்தம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"பொய் சொல்றீங்க லா. மூஞ்சியே சரியில்ல. ஏழுக்கு ஒரு நல்ல அடி இருந்தா சொல்லுங்கண்ணே. எதுலயும் உக்கார மாட்டேங்குது."

போயும் போயும் என்னிடம் எதற்கு ஏழைப் பற்றிக் கேட்கிறார்? கோமதி ஏதாவது உளறிவிட்டாளா? அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் கோமதி தட்டு கழுவிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளம் எங்கேயோ கேட்டதாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

எங்கள் வரிசைக் கடைசி வீட்டு முத்துவின் அம்மா தவறியபோது பிடிபட்டது. பெட்டியைத் தூக்கும் நேரம். சாவு மேளம் ஆரம்பித்தது. துக்கத்துக்கு வந்திருந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு, "ஏழொன்னு ஏழு! ஏழுரெண்டு பதினாலு!" என்று ஒரே குரலில் தொடங்கினார்கள். மேளக்காரர் திகைத்துப் போய் நிறுத்தினார். பிள்ளைகள் நிறுத்தவில்லை. எழுபது வரை சொல்லி முடித்த பிறகுதான் பெட்டி வண்டியில் ஏறியது. எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது கோமதியின் குரல். நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூடியது.

"எங்கம்மா பெட்டிக்கு முன்னால வாய்ப்பாடு சொல்றாங்க! இது என்னா ஸ்கூலா, சுடுகாடா?" என்றான் முத்து.

சார் எழுந்து நின்றார். "தப்புதாண்ணே, மன்னிச்சிருங்க. கல்யாண அடியில ஏழு ஓடிப் போயிருது. இந்த அடியிலதான் நிக்குது. சாவு எடுக்குறப்ப யாரும் அவசரப்பட மாட்டாங்க பாருங்க."

முத்துவுக்கு வந்த கோபத்தில் தகரத்தைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தான். அது அப்பளமாகிவிட்டது. தலைமையாசிரியை தீர்ப்புச் சொன்னார்: "அந்தத் தகரம் இனிமே வகுப்புக்குள்ள வரக் கூடாது சார். சாவு அடியும் வேணாம்."

கோமதி வாய் திறந்ததே அந்தத் தகரத்தால்தான் என்று சொல்ல நினைத்துக் கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைச் சொறிந்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் வகுப்பில் தகரச் சத்தமே இல்லை. வேனில் யாரும் சீட்டைத் தட்டவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கோமதி பழையபடி வாயை மூடிக்கொண்டாள். ஒரு நாள் மட்டும் சொன்னாள்: "சார் பாவம்பா. கையத் தட்டித் தட்டி செவந்து போச்சு."

அன்றைக்கே சீனக் கிழவர் கடைக்குப் போனேன். பிஸ்கட் தகரங்களை வரிசையாக வைத்து, எது நன்றாகப் பேசும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கிழவர் கல்லாவிலிருந்து பதறி எழுந்தார்.

"சியாப்பா மாத்தி?"

யார் செத்தது என்று மலாயில் கேட்கிறார். எத்தனை இழவு ஊர்வலம் அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கும்! அவருக்கும் அந்த அடி அத்துப்படி.

"யாரும் இல்ல தவுக்கே" என்று கடை முதலாளியிடம் சொல்ல வாயெடுத்தபோதுதான், என் உதடு பாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு.

காலித் தகரம் தரமாட்டேன் என்றுவிட்டார் கிழவர். பிஸ்கட்டோடு வாங்கினேன். பிஸ்கட்டை வேன் பிள்ளைகள் தீர்த்துவைத்தார்கள். தகரத்தைச் சாரின் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் வகுப்பில் சத்தம் கேட்டது. யாரோ ஓடிப்போய்த் தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "நான் வேணாம்னது அந்தத் தகரத்த. இது வேற தகரம்லா" என்று திரும்பிப் போய்விட்டாராம். ஏழுக்கு மட்டும் இப்போது தாலாட்டு அடி. பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். கோமதியின் குரல் மட்டும் வாசல்வரை கேட்கிறது.

தகரம் யார் வைத்தது என்று சார் இதுவரை கேட்கவில்லை. ஆனால் பள்ளி விட்டதும் என் வேனைத் தாண்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு விரலால் கூரையில் அந்தப் பழைய அடியைத் தட்டுகிறார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்குப் பெரிய சந்தேகம். ஏழேழோடு நிறுத்திவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை நான் ஸ்டீரிங்கில் தட்டி முடித்துவிட்டுத்தான் வேனை எடுக்கிறேன்.