ஸ்கோப்புக்கு எண்ணெய் விட்டவன்

துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாதவனுக்கு, குறி பார்க்க அதன் மேல் பூட்டும் தொலைநோக்கிக் குழலான ஸ்கோப்பைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நான் பேசத்தான் போகிறேன். ஒரு ஸ்கோப்பை நானே தேர்ந்தெடுத்து, நானே பூட்டி, நானே பராமரித்தவன் நான். மூன்றிலும் தவறினேன் என்பது ஊரார் கூற்று. இரண்டில் மட்டுமே தவறினேன் என்பது என் கூற்று. (பூட்டியது சரியாகத்தான் பூட்டினேன். எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.)

திருப்பூரில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் புது யூனிட் முளைத்துக்கொண்டிருந்த இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எனக்கு வயது நாற்பத்தாறு. முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டமாகச் சுழன்று பனியன் துணி பின்னும் இயந்திரங்களை நானே கழற்றி, நானே மாட்டித் தொழில் கற்றேன். நான் கண்டடைந்த தத்துவம் ஒன்றே ஒன்று: இரும்பு இருக்கும் இடத்தில் எண்ணெய் இருந்தாக வேண்டும்.

எங்கள் முதலாளியும் அவ்வாண்டு ஒரு புது யூனிட் கட்டினார். அதற்கு மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் என்றொரு பதவி. தனி அறை, மேசை, சுழலும் நாற்காலி. போட்டியில் இருவர்: நானும், செல்வராஜ் என்ற டிப்ளமோக்காரரும். என் மனைவி சரசுவதியோ எனக்கே அந்தப் பதவி என்று தாராபுரம் வரை உள்ள சொந்தங்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டிருந்தாள். எனவே அந்த நாற்காலியில் நான் அமர்ந்தே தீர வேண்டும்.

அப்போதுதான் முதலாளியின் துயரம் என் காதில் விழுந்தது. பொங்கல் விடுமுறையில் தாராபுரம் பக்கத்துத் தோட்டத்தில் அவரும், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அவருடைய மச்சானும் ஏர் கன்னால் கொட்டாங்குச்சி சுடுவது வழக்கம். மூன்று ஆண்டுகளாக மச்சானே வென்றிருந்தார்.

“கோழிக்குத் தீவனம் போடற ஆளுகிட்டத் தோத்துட்டு நிக்கறேன்ப்பா ஆறுமுகம். மேல ஒரு ஸ்கோப்பு மாட்டுனா அடிச்சுறலாங்கறாங்க. அதையெல்லாம் யாரு பாத்து வாங்கி மாட்டறது?”

“நானிருக்கறனுங்க மொதலாளி” என்றேன். ஸ்கோப் என்ற பொருளை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் குட்டையான ஒன்றை எடுத்து வைத்தார்.

“ஸ்பிரிங் ஏர் கன்னுங்களாண்ணா? அப்ப இதுதாங்ணா சரி. அது பின்னாலயும் ஒதைக்கும், முன்னாலயும் ஒதைக்கும். பெரிய ஸ்கோப்பு தாங்காதுங்ணா. அப்பறம், கண்ணுக்கும் இதுக்கும் நாலு வெரக்கட எட விட்டுப் பாக்கோணும்.”

நான் புன்னகைத்தேன். (ஆள் விவரமில்லாதவன் என்று நினைத்துச் சின்னதைக் காட்டுகிறான் போல!) அலமாரியில் என் முழங்கை நீளத்துக்கு ஒன்று படுத்திருந்தது. கையில் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய சொம்பின் கனம். அதையே கொடுக்கச் சொன்னேன். முதலாளியின் துப்பாக்கி மேல் ஏறும் பொருளுக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?

பூட்டும் பணியை எங்கள் பட்டறை அறையில் நடத்தினேன். துப்பாக்கிக் குழலின் மேலுள்ள காடியில் இரண்டு வளையங்களைப் பொருத்தி, அவற்றில் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருகாணிகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக முறுக்கினேன். முடித்தபோது கட்டைவிரல் நுனியளவு ஓர் இரும்புத் துண்டு மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாமான் மிஞ்சாமல் வேலையை முடிப்பவன் ஃபிட்டரே அல்லன்.

மதில் ஓரம் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, முதலாளி மூன்று குண்டு சுட்டார். மூன்றும் நான் வரைந்த வட்டத்துக்குள்.

“ஆறுமுகம், புது யூனிட்ல உனக்கு ரூமே போட்டறலாம்ப்பா” என்றார். அன்று மாலை சுழல் நாற்காலியின் நிறம் பற்றி வீட்டில் விவாதம் நடந்தது.

அத்துடன் நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது. ஆனால் பராமரிப்பு என்பது என் இரத்தத்தில் ஊறியது. கொட்டாங்குச்சிப் போட்டியன்று காலை, கருவிப்பையுடன் நானும் முதலாளியின் காரில் தோட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் புழுதி. ஸ்கோப்பைக் கழற்றினேன். காடி காய்ந்து கிடந்தது, மனம் பொறுக்கவில்லை. நிட்டிங் மிஷினுக்கு விடும் ஊசி எண்ணெயைக் காடி முழுவதும் விட்டேன். வளையங்களுக்கும் விட்டேன். திரும்பப் பூட்டினேன். கண்ணாடியிலும் புழுதி இருந்ததால், பனியன் வேஸ்ட் துணியை அதே எண்ணெயில் நனைத்து இருபுறமும் துடைத்தேன். கண்ணாடி பளபளத்தது. பளபளப்பு வேறு, தெளிவு வேறு என்பதை அரை மணி நேரம் கழித்தே அறிந்தேன்.

புளியமரக் கிளையில் கொட்டாங்குச்சிகள் கயிற்றில் தொங்கின. உறவினர் கூட்டம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது. முதலில் மச்சான், ஸ்கோப் இல்லாத தம் பழைய துப்பாக்கியால் ஐந்தில் மூன்றை உடைத்தார்.

“மாப்ளே, உங்குளுது என்னங்க, துப்பாக்கி மேல பீரங்கி ஏத்தி வெச்சிருக்கீங்க?”

“சுட்டதுக்கப்பறம் பேசலாங்க மச்சான்” என்று முதலாளி நாற்காலியில் அமர்ந்து, மேசை மேல் முழங்கையை ஊன்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னப்பா இது, மார்கழி மூட்டமாட்டத் தெரியுது?”

ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் சொன்ன நான்கு விரற்கடை அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. எனவே, என் வாழ்நாளிலேயே மிக மோசமான தொழில்நுட்ப ஆலோசனையை நிமிர்ந்து நின்று வழங்கினேன்.

“கண்ண இன்னுங் கொஞ்சம் கிட்டக்கக் கொண்டு போங்க மொதலாளி.”

கொண்டுபோனார். சுட்டார்.

குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஸ்கோப் எங்கே போயிற்று என்று அனைவருக்கும் தெரியும். எண்ணெய்க் காடியில் வழுக்கிப் பின்னோக்கி வந்து, முதலாளியின் வலது புருவத்தில் பிறைச்சந்திரன் போல் ஒரு வெட்டு போட்டுவிட்டு நின்றது. முதலாளி நாற்காலியோடு சாய்ந்தார்.

“மாப்ளே! கொட்டாங்குச்சி அங்கயேதானுங்க தொங்குது. நீங்கதான் உழுந்துட்டீங்க!” என்றார் மச்சான்.

முதலாளியின் மனைவி மஞ்சள் தூளுடன் ஓடிவந்தார். துண்டால் புருவத்தை அழுத்தியபடி முதலாளி கேட்டார்:

“என்னடா பண்ணித் தொலச்சே?”

“எண்ணெதானுங்க விட்டேன்.”

“எங்க விட்டே?”

“எல்லாப் பக்கமுமுங்க.”

மச்சான் சிரித்துச் சிரித்து மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பின்வாங்கவில்லை. “இரும்புங்க மொதலாளி. எண்ணெ விடாம வெச்சாத் துருப்புடிச்சறாதுங்களா?” என்று நியாயம் கேட்டேன். அந்த நியாயத்துக்கு அங்கே ஆதரவு கிட்டவில்லை.

இரவு சட்டையைத் துவைக்க எடுத்த சரசுவதி, பையிலிருந்த இரும்புத் துண்டை என் முன் நீட்டினாள்.

“ஏனுங்க, இதென்னங்க?”

“அது எக்ஸ்ட்ரா.”

“எக்ஸ்ட்ராவெல்லாம் குடுப்பாங்களா? ஸ்கோப்பு நகராம நிறுத்தற முட்டுக்கட்ட மாதர இருக்குதுங்களே.”

அடுப்பும் அம்மியுமாக வாழ்ந்தவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். (கடைக்காரன் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம் அல்லவா?)

மறுவாரம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தபோது, முதலாளி நெற்றியில் பிளாஸ்திரியுடன் சாம்பிள்களைக் காட்டினார். அதற்கடுத்த நாள் என்னையும் செல்வராஜையும் ஆபீசுக்கு அழைத்தார்.

“செல்வராஜ் புது யூனிட்டப் பாத்துக்கட்டும். ஆறுமுகம், நீ இங்கயே இருப்பா.”

“என் வேலையில என்னங்க கொற?” என்றேன், தலையை நிமிர்த்தியே.

“ஒரு கொறையுமில்ல. நிட்டிங் மிஷினுக்குப் புருவம் கெடையாது. அதனால நீ அங்கயே இரு.”

அப்படியே இருந்தேன். ஓய்வு பெறும் நாள் வரை ஃபிட்டராகவே இருந்தேன். என் பொறுப்பில் இருந்த ஓர் இயந்திரம்கூட எண்ணெய் காய்ந்து நின்றதில்லை. அந்தச் சுழல் நாற்காலிக்காக நான் ஏங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். எண்ணெய் விட்டதற்காக வருந்துகிறேன் என்று எழுதினால் அது அதைவிடப் பெரிய பொய்.

இப்போதும் நான் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தால் போதும்: சரசுவதி வலது புருவத்தை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். மகள் பொத்திக்கொள்வாள். சம்பந்தி வீட்டார்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு விசேஷத்தில் வரிசையாக ஒன்பது பேர் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பொத்திக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு கதவு கிறீச்சிட்டதில்லை.